சிங்கய்யா, தாங்குச்சா

நொய்யலாற்றுக்கு அக்கரையில், பனியன் கம்பெனிகளுக்குப் பட்டனும் ஜிப்பும் நாடாவும் விற்கிற கடைகளே இரண்டு பக்கமும் நிற்கிற பட்டன்கடை வீதியில், ‘இல்லை’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பது கிடையாது. நாலு ஓட்டை வெள்ளைப் பட்டன் கேட்டு வருகிறவருக்கு, இருந்தால் டப்பாவை எடுத்து முன்னால் வைப்பார்கள். தீர்ந்துபோயிருந்தால் “நிறைஞ்சிருக்குதுங்க” என்பார்கள், அவரும் புரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போவார். அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு, கேஸ் தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு, கல்லாவில் சில்லறை தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு. மனிதரே நொடித்து, தொழிலும் போய் வீடும் போய் நின்றால், அதற்கு இந்தச் சொல் தாங்காது என்று, “அவரு பழனிக்குப் போயிருக்காரு” என்று சொன்னார்கள். கோவணத்தோடு மலைமேல் நிற்கிற ஆண்டியைப் பார்க்கப் போனவர் அதே கோலத்தில்தானே திரும்புவார் என்று எவரோ எப்போதோ நினைத்திருக்க வேண்டும். நிஜமாகவே சாமி கும்பிடப் போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். “மலைக்குப் போறமுங்க” என்று சொல்லிவிட்டு, எந்த மலை என்று கேட்டால் தெற்கே கையைக் காட்டுவார்கள்.

அங்கேயே பிறந்தவர்களுக்கு இதெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி. கோகிலவாணி சத்தியமங்கலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமாகி இத்தனை காலம் ஆன பிறகும், காதில் விழுந்த சொல்லைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு அர்த்தம் பிடிபடும், அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். வீதியில் பட்டன் கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி பேச்சில் சிக்கனக்காரர். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து அவர் கைகால் கழுவும்போது, “கடை எப்படிங்க?” என்று கேட்பாள். “நிறைஞ்சிருக்குது” என்பார். ஆள் நிறைந்திருந்ததா, சரக்கு நிறைந்திருக்கிறதா, அல்லது அந்த இன்னொரு மாதிரி நிறைந்துவிட்டதா என்று அவர் முகத்தைப் பார்ப்பாள். முகம் துண்டுக்குள் இருக்கும்.

முன்பெல்லாம் சமையலை முடித்துவிட்டு அவளும் கடையில்தான் உட்கார்ந்திருப்பாள். வைகாசியில் ஒருநாள் அவரே, “பட்டன் அனுப்பற சீனாக்காரங்கிட்ட நாமளே பேசிட்டா நடுவுல புரோக்கர் எதுக்கு? நீ போயிக் கத்துக்க, அம்மிணி” என்று சொல்லி, கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில் நடக்கிற சீன வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டார். அவள் கடையில் உட்காருகிற நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாகவே அமைந்திருந்தது. அது அப்போது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

வகுப்பு எடுத்தவள் சிந்துஜா என்கிற பெண். சீனாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, இங்கே வைத்தியம் பார்க்க விடுகிற பரீட்சையை வருஷா வருஷம் எழுதிக்கொண்டிருந்தாள். அது தேறுகிற வரைக்கும் வயிற்றுப்பாட்டுக்கு வியாபாரிகளுக்குச் சீனம். மாயவரத்துப் பெண் என்பதால் வீதியின் வழக்கமெல்லாம் அவளுக்குத் தெரியாது. இலை போடுகிற நீள மேசைகளில் ஜிப்புக்கடைக்காரர்களும் நூல் புரோக்கர்களும் உட்கார்ந்து, சிவப்பு, நீலம், விலை, குறைத்துக் கொடு என்று சேர்ந்து கத்துவார்கள். கீழே யாருடைய கல்யாணத்துக்கோ வெங்காயம் வதங்கும். ஒரே எழுத்தை நாலு விதமாக இழுத்தால் நாலு அர்த்தம் என்று சிந்துஜா சொன்னபோது மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். கோகிலவாணிக்கு மட்டும் அது ஆறுதலாக இருந்தது. இழுப்பைக் கேட்டாலே அர்த்தம் தெரிந்துவிடுகிற பாஷை ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்தபின் ஒருநாள் வகுப்பு முடிகிற சமயம், அவள் எழுந்து நின்றாள்.

“டாக்டரம்மா, ஒரு வார்த்தை கேக்கோணும். பழனிக்குப் போறதுக்குச் சீனத்துல என்னங்க?”

“போறதுக்கு ‘ச்சூ’. பழனிக்குப் பழனிதான்க்கா.”

“அந்தப் பழனி அல்லங்க.” கோகிலவாணி குரலைத் தணித்தாள். “ஒருத்தருக்கு எல்லாம் நிறைஞ்சு போயி...”

“நிறைஞ்சா நல்லதுதானே?”

“அந்த நிறையறது அல்லங்க.”

ஹாலில் எல்லாருக்கும் அவள் கேட்பது புரிந்தது, எல்லாருக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது, யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் ஒரு நூல் புரோக்கர் எழுந்து, வாயே திறக்காமல், தன் சட்டைப்பையை வெளியே இழுத்து உதறிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“ஓ, அதுவா” என்று சிந்துஜா பலகையில் நாலு எழுத்தை எழுதினாள். ச்சிங் ஜியா தாங் ச்சான். “முதல் எழுத்துக்குச் சாயறதுன்னு அர்த்தம். ரெண்டாவது வீடு. மூணாவது அடிச்சிட்டுப் போறது, நாலாவது சொத்து. வீடு சாஞ்சு, இருக்கிற சொத்தெல்லாம் கொட்டிப் போயிடறது. முதல் ரெண்டையும் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதற மாதிரி ஒரே சுருதியில நிறுத்தணும். மூணாவதைத் தொப்புனு போடணும். நாலாவது கீழ போயிட்டுக் கொஞ்சம் மேல வரும்.”

மேலே வருவது எதற்கு என்று புரோக்கர் கேட்டார். அது அப்படித்தான் என்றாள் சிந்துஜா. கோகிலவாணி ஒரே தடவையில் அதைப் பிசகாமல் சொன்னாள்.

அவள் கணக்கு இதுதான்: ஊர்ச் சாமிக்குச் சீனம் தெரியாது, குலதெய்வத்துக்கும் தெரியாது, சுவரில் இருக்கிற பல்லிக்கும் தெரியாது, ஆகையால் இந்தச் சொல்லை உரக்கச் சொல்லலாம், ஒன்றும் பலிக்காது. நாக்குக்கு அடியில் வெகுகாலம் கிடந்த ஒன்றைத் துப்பிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சொன்னாள். மறுநாள் காலையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று நாலு இழுப்பையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

மேடைமேல் இருந்த எலுமிச்சம்பழம் மெதுவாகப் புறப்பட்டு, கீழே குதித்து, சமையலறை வாசலைத் தாண்டி, கூடத்தின் குறுக்கே போய், ஈஸ்வரமூர்த்தியின் சாய்வு நாற்காலி கிடக்கிற கன்னி மூலையில் நின்றது. தோசை மாவு கல்லில் ஒரு பக்கமாக வழிந்து கோழிமுட்டை வடிவத்தில் வெந்தது. கோகிலவாணி தோசையைத் திருப்பிப் போட்டாள். பிறகுதான் தானும் ஒரு முழங்காலை மடக்கி நிற்பதைக் கவனித்தாள். வீடு சாய்ந்திருந்தது.

ஆறுச்சாமி மேஸ்திரி வந்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி அசையாமல் நட்ட நடுவில் நின்றது. “மட்டம் சரியாத்தானுங்க இருக்குது” என்று சொல்லிக்கொண்டே அவர் குந்தின வாக்கிலேயே மூலைக்குச் சறுக்கிப் போனார். எழுந்து வந்து வேறு இடத்தில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது, அவர் மறுபடியும் மூலைக்குப் போனார். தாம்பூலம் வைத்துக் கொடுத்த கூலியை வாங்காமல், வீட்டுக்குப் போய் அந்த ரசமட்டத்தைத் தண்ணீரில் போட்டுக் கழுவினார் என்று சொல்கிறார்கள்.

பட்டன்கடை வீதி இதற்கெல்லாம் அசருகிற வீதி அல்ல. முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள், பிறகு யோசனை சொல்ல வந்தார்கள், அதற்கும் பிறகு சும்மாவே வரத் தொடங்கினார்கள். வாஸ்துக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் ராஜயோகம் என்று சொல்லி, வீட்டைத் திருப்பி வைக்க வழியுண்டா என்று விசாரித்தார். ஜிப்புக்கடை சாரதாமணி, முதுகுவலிக்கார வீட்டுக்காரரைக் கூட்டிவந்து, தலை மேட்டிலும் கால் பள்ளத்திலுமாகக் கூடத்தில் படுக்கவைத்து, ஒரு மத்தியானம் அவர் குறட்டை விட்டுத் தூங்கியதைப் பார்த்துக் கண் கலங்கினாள். டீக்கடைக்காரர் அந்த வீட்டுக்கு மட்டும் கிளாஸில் முக்கால் ஊற்றிக் கொடுத்தார், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் தலையைச் சாய்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் போனார், பால் எப்போதும் ஒரு பக்கமாகவே பொங்கியது, அந்தப் பக்கத்தை மட்டும் கோகிலவாணி துடைத்தாள். வியாபாரிகள் சங்கத் தலைவர் வேலப்பன், வெளியூர்ப் பார்ட்டிகள் காதில் இது விழுந்தால் வீதியின் பேர் கெட்டுவிடும் என்று கூட்டம் போட்டு, வீடு நேராகத்தான் இருக்கிறது, உலகந்தான் சமீபத்தில் லேசாகச் சரிந்திருக்கிறது என்று தீர்மானம் நிறைவேற்றினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பகலில் கை தட்டியவர்கள் அந்தி சாய்வதற்குள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக வந்தார்கள். காப்பிப்பொடி கேட்க வந்த மாதிரி நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, “அதை எப்படிச் சொல்லோணும், கோகிலா?” என்று கேட்டார்கள். சொல்லாதீர்கள், சொன்னால் சாயும் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பரவாயில்லை என்றார்கள். அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அதற்கு என்ன விலையானாலும் சரி என்கிற மாதிரி நின்றார்கள். அவள் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் பட்டன்கடை வீதியின் நாக்குகள் சீனத்துக்கு வளையவில்லை. ‘ச்சிங் ஜியா தாங் ச்சான்’ என்று அவள் வாயில் புறப்பட்டது வேலப்பன் வாயில் ‘சிங்கய்யா தாங்குச்சான்’ என்றாகி, சாரதாமணி வாயில் ‘சிங்கய்யா, தாங்குச்சா?’ என்று முடிந்தது. பிறகு அதுவே வீதிக்கு வணக்கம் ஆயிற்று. காலையில் ஷட்டரைத் தூக்குகிறவர் எதிர்க்கடைக்காரரைப் பார்த்து, “சிங்கய்யா, தாங்குச்சா?” என்பார். “தாங்குச்சு, தாங்குச்சு” என்பார் அவர். யார் இந்தச் சிங்கய்யா என்று கேட்ட நூல் லாரிக்காரருக்கு, எல்லைக்காவல் சாமி என்று யாரோ சொல்ல, அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கி டயருக்கு அடியில் வைத்து ஏற்றிவிட்டுப் போனார். தப்பாகச் சொன்னதால் மற்ற வீடுகள் தப்பித்தன என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதத்தில் வீதியில் கிடந்த, பீரோவுக்கும் கட்டிலுக்கும் முட்டுக் கொடுக்கத் தோதான செங்கல் துண்டுகள் எல்லாம் எங்கே போயின என்பது யாருக்கும் விளங்கவில்லை.

கோகிலவாணிக்கு எதுவுமே விளங்கவில்லை. சாய்ந்தது வீடா, அவள் தலையா? வார்த்தை முன்னாலா, சாய்வு முன்னாலா? ஈஸ்வரமூர்த்தி இன்னும் “நிறைஞ்சிருக்குது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் கை கழுவினார். தான் விளையாட்டாக நாக்கில் வைத்த சொல்தான் அந்த மனிதரை ஏதோ பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த எண்ணம் வந்த அன்றைக்கே சிந்துஜாவிடம் போய், கற்ற வார்த்தையை மறக்க வழியுண்டா என்று கேட்டாள்.

“அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாதுக்கா” என்றாள் சிந்துஜா. “படிச்சதெல்லாம் எனக்குப் பரீட்சை ஹாலுக்குள்ள போனா மறந்துடுது. மறக்கணும்னு நினைச்சது எதுவும் போக மாட்டேங்குது.”

ஒன்று மட்டும் வீதியில் எல்லார் கண்ணிலும் பட்டது. அந்த வீட்டுக்குள் வந்தவர்கள் எல்லாரும் தடுமாறினார்கள், சுவரைப் பிடித்தார்கள், மூலைக்குச் சறுக்கினார்கள். ஈஸ்வரமூர்த்தி மட்டும், குதிகால் வலிக்கு என்று டாக்டர் வீட்டுக்குள் போடச் சொன்ன ரப்பர் செருப்போடு, கோகிலவாணி தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்த டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கூடத்தின் குறுக்கே நடந்து போனார். பெரிய மனசு, எதையும் கண்டுகொள்வதில்லை என்றார் வேலப்பன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது அவர், “நாளைக்குப் பழனிக்குப் போலாம்னு இருக்கறன்” என்றார்.

எந்தப் பழனிக்கு என்று கேட்கக் கோகிலவாணிக்கு வாய் வந்தது. அந்த வீதியில் அதைக் கேட்க வார்த்தை கிடையாது. அங்கிருந்து பழனிக்குப் போனவர்களில் சிலர் மொட்டைத் தலையோடு பிரசாதம் கொண்டுவந்தார்கள், சிலர் வேறு ஊரில் வேறு பேரோடு இருப்பதாகக் கேள்வி, கண்ணாடிப் பட்டன் விற்ற குப்புசாமியை அமராவதி ஆற்றிலிருந்து போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். எல்லாருமே கிளம்பும்போது ஒரே மாதிரிதான் சொல்லிவிட்டுப் போனார்கள். “குழம்பு ஊத்தட்டுங்களா?” என்று கேட்டாள். “போதும்” என்றார்.

காலையில் அவர் குளித்து, வேட்டி கட்டி, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். வீட்டுச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். அவர் எதையும் ஜோடி சேர்த்து வைக்கிற ஆள் அல்ல. செருப்பு இரண்டும் அவர் முதுகைத் திருப்பியதுமே மூலைக்கு நழுவின. அந்த நேரத்தில் வீடு இன்னும் ஒரு விரல்கடை சாய்ந்திருக்க வேண்டும். பரணில் கிடந்த பழைய பித்தளைச் சட்டியும், முறமும், அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜோடிப் பழைய ரப்பர் செருப்பும் சரசரவென்று கீழே வந்து விழுந்தன. இந்தச் செருப்புக்கு முந்திய செருப்பு அது.

கோகிலவாணி அதைக் குனிந்து எடுத்தாள். இடது செருப்பின் குதிகால் வெற்றிலைக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. வலது செருப்பு அப்படியே புதுசாக இருந்தது.

“ஏனுங்க, சித்தெ நில்லுங்க.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“இதை எப்பங்க கழட்டி மேல போட்டீங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார். “சித்திரையில. எதுக்கு?”

“நான் அந்த வார்த்தையைக் கத்துக்கிட்டது ஆடியில.” அவள் இடது செருப்பைத் தூக்கிக் காட்டினாள். “இது வீட்டுக்குள்ள மட்டும் போட்ட செருப்பு. சித்திரைக்கு முன்னாலயே ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குது. அப்ப இருந்தே வீடு சாஞ்சுதான் இருந்திருக்குது. நீங்க ஒருத்தரே நடந்து பழகியிருக்கறீங்க.”

அவர் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அது இறங்கிய இடத்தில் பெரிய கோபம் ஏறியது. வீதியில் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது.

“தாங்குச்சாங்க?”

அதற்கு ஒரே பதில்தான் வழக்கம். அவரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். “தாங்க...” என்று ஆரம்பித்து, வெகுநேரம் அங்கேயே நின்றார்.

“தாங்கல, அம்மிணி.”

“கடைங்க?”

“இல்ல.”

அந்த வீட்டில் யாரும் கேட்டறியாத சொல் அது. அடுக்கிலிருந்து ஒரு டம்ளர் உருண்டது.

“சரக்கு?”

“இல்ல. வெறும் டப்பாவத்தான் அடுக்கி வெச்சிருக்கறன்.”

“இந்த வீடு?”

“இல்ல. இதுவும் இல்ல.”

ஒவ்வொரு இல்லைக்கும் வீடு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. பாத்திரங்கள் கிளம்பின, நாற்காலி கிளம்பியது, இத்தனை நாளும் அந்தத் தரையில் நேராக நடந்த ஈஸ்வரமூர்த்தியின் கால் முதல்முறையாகத் தடுமாறியது, பையோடு அவரும் செருப்போடு அவளும் கூடத்தின் குறுக்கே சறுக்கிக் கன்னி மூலையில் ஒருவர்மேல் ஒருவராகப் போய் விழுந்தார்கள். அங்கே எலுமிச்சம்பழங்கள் கிடந்தன, பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த அவளுடைய திருகாணி கிடந்தது, எங்கிருந்தோ வந்த பட்டன்கள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் உட்கார்ந்து அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“எந்தப் பழனிக்குக் கிளம்புனீங்க?”

“எனக்கே தெரியல” என்றார் அவர். “பஸ் ஏறி உக்காந்துட்டு யோசிச்சுக்கலாம்னு இருந்தன்.”

அவள் அழுதாள். அவரும் அழுதார், ஆனால் அவருக்கு அது பழக்கமில்லாததால் விக்கல் மாதிரி வந்தது. பிறகு கோகிலவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருகாணியைக் காதில் போட்டுக்கொண்டு, சரிவில் முழங்காலால் ஏறி அலமாரியிலிருந்து ஒரு மாற்றுப்புடவையை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தாள்.

“நானும் வர்றன். எந்தப் பழனின்னு ரெண்டு பேருமாப் போயே பாத்துக்கலாம்.”

மறுநாள் மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தபோது பட்டன்கடை வீதி டீக்கடை முன்னால் கூடியிருந்தது. ஈஸ்வரமூர்த்தி மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார். கோகிலவாணி பூமுடி கொடுத்திருந்தாள். கையில் பஞ்சாமிர்த டப்பா. மொட்டையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தோன்றியது, இரண்டு பேரின் முகத்தைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது.

“எங்கீங்க போயிட்டு வர்றீங்க?” என்றார் டீக்கடைக்காரர்.

“பழனிக்கு” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

சாரதாமணிதான், அந்த வீதியில் யாரும் கேட்காத கேள்வியை, வாயைப் பாதி மூடிக்கொண்டு கேட்டாள். “எந்தப் பழனிக்குங்க?”

“ரெண்டுக்குந்தான்.”

கோகிலவாணி டப்பாவைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தாள். வேலப்பன் முறை வந்தபோது அவர் கையை நேராகத்தான் நீட்டியிருந்தார். பஞ்சாமிர்தம் ஒரு பக்கமாக வழிந்து அவர் மணிக்கட்டில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற குரலில், “அங்க கூட்டம் எப்படி, அம்மிணி? நிறைஞ்சிருக்குதா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றாள் கோகிலவாணி. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது. “இடம் இருக்குது.”